மூன்று கிலோ

பில் புத்தகத்தில் ஐம்பது என்று எழுதுகிறேன்.
ஒரு பார், ஐம்பது கிலோ.
வார்ஃபில் தராசு வைத்திருக்கும் எத்திராசு
நாற்பத்தேழு என்கிறான்.
இந்த மூன்று கிலோவுக்கு
முதலாளி ஒரு பெயர் வைத்திருக்கிறார்:
வெயில்.
ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட அதே பெயர்தான்.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் தரையே பலகை.
ஒரு பலகையைத் தூக்கினால்
கடுங்குளிர் உப்புத் தண்ணீரில் கழுத்து வரை
தகரக் கேன்கள்.
நேற்று மாலை குழாயில் சளசளத்து வந்தது
இப்போது ஓரத்திலிருந்து வாய் மூடிக்கொண்டு வருகிறது.
தகரத்தை ஒட்டியது முதலில் இடம் பிடிக்கும்.
அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது,
அடுத்ததைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.
தண்ணீரில் கரைந்திருந்த காற்றை மட்டும்
எதுவும் சேர்த்துக்கொள்வதில்லை.
நடுவுக்குத் தள்ளித் தள்ளி
அங்கேயே வைத்துப் பூட்டிவிடும்.
ஒவ்வொரு பாருக்குள்ளும் தெரியுமே
வெள்ளையாய் ஒரு முதுகெலும்பு,
அது மூச்சு.

உறைந்தால் நெருங்கி நிற்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
தண்ணீருக்கு வேறு நியாயம்.
கை கோத்து நிற்க முழங்கைக்கும் இடம் வேண்டுமாம்.
கேனில் தையல் விட்டுப்போவது அதனால்தான்.
வெல்டர் ரசாக் பாய்க்கு
மாதம் பத்துக் கேன் வருமானம் அந்த முழங்கையால்.

கிரேன் தூக்கி, வெறும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி,
சாய்த்தால்
வழுக்கிக்கொண்டு வரும்.
ஒரு நாள் காதை வைத்துக் கேட்டேன்.
உள்ளே ஏதோ முறிகிற ஓசை, சின்னதாக, விடாமல்.
அதற்கும் கீழே, காதுக்கு எட்டாமல்,
எல்லாம் நின்ற இடத்திலேயே நடுங்குமாம்.
எட்டு வருடமாக நானும் இந்த ஸ்டூலில்தான்.
ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் பியூலா
என்பார்கள்.

கிரஷரில் போட்டால் பார் ஓட ஆரம்பிக்கிறது.
சரிவில் இறங்கி, படகின் வயிற்றில் பாய்கிறது.
ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்,
அதே பிடிவாதம்.
கூட்டத்தில்தான் அதற்குக் கால் முளைக்கிறது.

ஓடத் தெரிந்தது வேறு. அது என் செருப்புக்கடியில் போகிறது.
உடைந்த சிமெண்ட்டில் உடைந்த சிமெண்டாக,
பூனை மிதித்த குழியில் பூனைப் பாதமாக.
எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பிள்ளை.
ஒன்றையொன்று விடவும் இல்லை,
ஒரே கையைப் பிடித்துக்கொண்டும் இல்லை.

அமோனியா கசிந்த அன்று மட்டும்
யார் வீட்டுப் பிள்ளையும் இல்லாத ஒன்றைப் பார்த்தேன்.
பார்த்தேன் என்பது தப்பு.
சைரன் அடிக்கு முன்னே மூக்குக்குள் இருந்தது.
சுவரில் மோதி, விசிறியில் மோதி, தன்னிலேயே மோதி
கம்பெனி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதானது.
ஈரத்துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு
காற்று வந்த பக்கம் ஓடினோம்.
ஆபரேட்டர் தேசப்பன் முகமூடி மாட்டி உள்ளே போய்
வால்வைத் திருகினான்.
ஹோஸ் பைப்பைப் பிடித்துக் காற்றை நனைத்தான்.
தண்ணீரைக் கண்டதும் அது இறங்கி வந்து கரைந்துபோனதாம்.
வெளியே வந்தவன் கண் மிளகாய்ப்பழம்.
"தொரத்திப் புடிக்க முடியாதுக்கா,
எறங்கி வர்றதுக்கு ஒரு எடம் குடுக்கணும்."

மே மாதம். விடிந்துவிட்டது.
ராயபுரம் வரை நடப்பதற்குள்
முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொள்ளும்.
வியர்வைக்குப் போக வழியில்லை,
காற்றில் ஏற்கெனவே வீடு நிறைய ஆள்.

கடையில் ஒரு குளிர்ந்த சோடா வாங்கி
பில் புத்தகத்தின் மேல் வைத்தேன்.
வைத்துக்கொண்டிருக்கும்போதே
பாட்டிலின் வெளிப்புறம் பொட்டுப் பொட்டாய்,
பொட்டுகள் சேர்ந்து கோடாய் இறங்கி,
கொஞ்சம்தான்,
மூன்று கிலோவெல்லாம் இருக்காது.
காகிதத்தில் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் நான் எழுதிய ஐம்பது
நீலமாய்க் கலைந்து
மெல்ல
எத்திராசு பக்கம் நகர்கிறது.